புற்றுக்காளானை அறிவோம்

புற்று என்றதும் பால் வார்த்து வணங்குவதே நம் நினைவுக்கு வரும். புற்றுக் கட்டும் ஒருவகைக் கறையான் நல்ல உழவனும் ஆகும். நிலத்தடியில் தன் எச்சத்தால் பாத்தி அமைத்து, பூஞ்சையைப் பயிரிட்டு உண்கிறது. மழைக்குப் பின் அப்பூஞ்சையே குடையாக வெளிவருகிறது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் குழம்பு வைக்கும் புற்றுக்காளான் இதுவே. 1942இல் இவ்வினத்துக்கு ‘டெர்மிட்டோமைசிஸ்’ எனப் பெயரிட்டவர் பிரெஞ்சு அறிஞர் ரோஜர் ஹைம்.

இதன் பெரிய வகைகளுக்கு மூன்று அடையாளங்கள்: குடையின் நடுவே கூரிய முனைப்பு இருக்கும். கீழ்ப்புற மடிப்புகள் வெண்மையாயிருந்து, முதிரும்போது இளஞ்சிவப்பாகும். காம்பு வேர்போல் நீண்டு புற்றுவரை இறங்கும்.

சிங்கப்பூர்ப் புல்தரைகளில் முளைக்கும் நச்சுக்காளான் ஒன்றும் வெண்குடையே. அதன் காம்பில் வளையம் உண்டு. முதிர்ந்தால் மடிப்புகள் பச்சை நிறமாகும். இளசில் அவையும் வெண்மையாகவே இருப்பதால்தான் பலர் ஏமாறுகிறார்கள். தின்றால் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாகும். வெள்ளிக்காசு கறுத்தால் நஞ்சு என்னும் பழைய சோதனையை நம்பாதீர்கள்.

புக்கிட் மேராவில் ஃபேபர் மலை, தெலுக் பிளாங்கா மலைப் பூங்காக்களில் உலாவும் அன்பர்கள் காளானைக் கண்டு மகிழுங்கள், பறிக்க வேண்டாம். சமையலுக்குச் சந்தைக் காளானே போதும். தவறி யாரேனும் உண்டுவிட்டால், மீதியைக் கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு விரையுங்கள்.