வேட்டுவர் கெட்டவங்களா அப்பா?

கொங்கு நாட்டு அண்ணன்மார் கதையை, அதாங்க பொன்னர் சங்கர் கதையை, கனடாவில் வளரும் பிள்ளைகள் தமிழிலும் ஆங்கிலத்திலும் கார்ட்டூனாகப் பார்க்கலாம். 1965-ல் காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்தில் 18 இரவுகள் உடுக்கை அடித்துப் பாடியதை டேப்பில் பிடித்தவர் மானிடவியலாளர் பிரெண்டா பெக். 1992-ல் சென்னை ஆசியவியல் நிறுவனம் அதைப் புத்தகமாக்கியது. பிறகு கனடாவில் இருந்தபடியே 26 பகுதித் தொடராகவும் எடுத்தார். நம்ம ஊர்க்காரர்கள் செய்திருக்க வேண்டிய வேலை!

ஈழத்து நண்பர்களுக்கு இந்தக் கதை புதிதாக இருக்கலாம். உங்கள் காத்தவராயன் கூத்து போல, இதுவும் சாமி கும்பிடும் கதைதான். காடு திருத்தி வெள்ளாமை செய்த குடும்பத்தில் பொன்னர், சங்கர், தங்கை அருக்காணி. எதிரே காட்டை நம்பி வாழ்ந்த வேட்டுவர். நடுவில் கொம்பன் என்ற பன்றி. சண்டை முற்றி அண்ணன்மார் மாண்டு போக, தங்கை தேடி வந்து எழுப்புகிறாள். மணப்பாறை பக்கத்து வீரப்பூரில் மாசித் திருவிழாவில் இது கண்முன் நடக்கும். படுகளத்தில் ஆட்கள் பிணம்போல விழுந்து கிடப்பார்கள். தண்ணீர் தெளித்து எழுப்புவார்கள். அந்த உடுக்கைச் சத்தத்தில் வரும் நடுக்கம் கார்ட்டூனில் வராது, அதை எதிர்பார்க்கவும் கூடாது.

எனக்குச் சிக்கல் வேறு இடத்தில் வந்தது. பார்க்டேலில் பள்ளிக்கூடம் போகும் என் எட்டு வயது மகள் கேட்டாள்: "வேட்டுவர் கெட்டவங்களா அப்பா? அவங்கதானே அந்தக் காட்டுல முதல்ல இருந்தாங்க?"

டொராண்டோ பள்ளிகளில் தினமும் காலையில், இது பூர்வகுடிகளின் நிலம் என்று வாசிக்கிறார்கள். அதைக் கேட்டு வளரும் பிள்ளைக்கு இந்தக் கேள்வி வரத்தானே செய்யும்? ஈரோட்டில் அம்மாயி மடியில் கதை கேட்ட எனக்கு வேட்டுவர் என்றால் எதிரி, அவ்வளவுதான். வேட்டுவக் கவுண்டர் என்று இன்றைக்கும் ஒரு சமூகம் அதே கொங்கில் இருக்கிறது. அவர்கள் வீட்டுப் பிள்ளையும் இதே தொடரைப் பார்க்கும்.

"சாதி வர்ற கதை, பிள்ளைங்களுக்கு வேண்டாம்" என்கிறார் இங்குள்ள நண்பர். சாதியை மட்டும் உருவிவிட்டு வீரத்தைக் காட்டலாம் என்கிறார் இன்னொருவர். ரெண்டும் சரிப்படாது. சாதியை எடுத்துவிட்டால், கூடவே நின்று கொம்பனைக் கொல்ல உதவிய சாம்பான் ஏன் கடைசிவரை ஏவல்காரனாகவே இருக்கிறான் என்று பிள்ளைக்கு எப்படிப் புரியும்?

நான் இப்போது தொடரை நிறுத்தி நிறுத்தித்தான் போடுகிறேன். ஒரு பகுதி முடிய ஒரு மணி நேரம் ஆகிறது. "கெட்டவங்க இல்ல சாமி, அவங்க காடு போச்சு" என்றேன். "அப்ப யாரு எடுத்தா?" என்றாள். "நம்ம ஆளுங்கதான்" என்று சொன்னேன்.