கட்டுச்சோற்றின் வேதியியல்

ஆடி மாதம் 18ஆம் நாள், அதாவது ஆகஸ்ட் 2 அல்லது 3ஆம் தேதி, காவிரிப் படித்துறை எதற்குப் போனாலும் ஒரு காட்சி நிச்சயம். ஒகேனக்கல், பவானி கூடுதுறை, ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம், திருவையாறு என்று எந்த ஊரானாலும் பூவும் மஞ்சளும் காதோலைக் கருகமணியும் வைத்த தட்டுக்குப் பின்னால் ஒரு சாப்பாட்டுப் பையும் வந்து இறங்கும். புதுத்தண்ணீரைக் கும்பிட்டு, மஞ்சள் சரடு கட்டிக்கொண்டு, நிழல் பார்த்து உட்கார்ந்து பையைப் பிரிப்பார்கள். புளியோதரை, எலுமிச்சைச் சாதம், தேங்காய்ச் சாதம், தயிர் சாதம், சர்க்கரைப் பொங்கல். காலை ஆறு மணிக்குக் கிளறியதை மதியம் ஒரு மணிக்குச் சாப்பிடுகிறார்கள். இடைப்பட்ட நேரமெல்லாம் பேருந்திலும் வெயிலிலும் போகிறது. ஆடிக்காற்று எவ்வளவு அடித்தாலும் திருச்சிப் பகல் 35 டிகிரி செல்சியஸை ஒட்டித்தான் இருக்கும்.

குளிர்பெட்டி இல்லாமல் இது எப்படி முடிகிறது? இந்தச் சாதங்களில் பலவற்றுக்குத் தனித்தனிக் காவல் இருக்கிறது. அந்தக் காவல் எதுவரை தாங்கும் என்பதற்கும் தனித்தனிக் கெடு இருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டால் கூட்டுக்குடும்பத்து அண்டா இல்லாத வீடுகளும், இரண்டு பேரோ நான்கு பேரோ மட்டும் இருக்கிற வீடுகளும், பண்டிகைச் சாப்பாட்டைக் கடையில் வாங்காமல் கட்டிக்கொண்டு கிளம்பலாம்.

முதலில் எதிரியைப் பார்ப்போம். அதன் பெயர் பேசில்லஸ் சீரியஸ். மண்ணில் வாழும் பாக்டீரியா இது. நெல்லோடு வயலிலிருந்தே வந்துவிடும். அரிசியை எத்தனை முறை களைந்தாலும் முழுக்கப் போகாது. உலை கொதிக்கும்போது பாக்டீரியா செத்தாலும் அதன் விதைத்துகள்கள் சாவதில்லை. கெட்டியான உறைக்குள் பதுங்கியிருந்து, சோறு ஆறியதும் முளைத்து எழும். வெதுவெதுப்பான ஈரச்சோற்றில் ஏறக்குறைய அரை மணிக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். அந்த வேகத்தில் ஆறு மணி நேரத்தில் ஒன்று 4,096 ஆகிவிடும். அது பெருகும்போது விடுகிற வாந்தி நச்சு இன்னும் பொல்லாதது. சோற்றைத் திரும்பச் சூடுபடுத்தினாலும் அது அழியாது, வாசனையிலும் ருசியிலும் தெரியாது. 1970களில் பிரிட்டனில் சீன உணவகங்களின் வறுத்த சோற்றைச் சாப்பிட்டவர்கள் வரிசையாக வாந்தியெடுத்தபோதுதான் இந்த நோயின் காரணம் மருத்துவ உலகில் பரவலாகப் பேசப்பட்டது. இரவெல்லாம் வெளியே கிடந்த வெறும் சோற்றை மறுநாள் வறுத்துக் கொடுத்திருந்தார்கள்.

வெறும் சோறு இந்தக் கிருமிக்கு விருந்து. புளி சேர்ந்தால் நிலைமை மாறுகிறது.

புளியம்பழத்தின் புளிப்புக்குப் பெரும்பங்கு காரணம் டார்டாரிக் அமிலம். பழுத்தால் இனிக்கிற பழங்களில் பலவற்றுக்கு அமிலம் குறைந்துகொண்டே போகும். புளிக்கு அப்படி ஆவதில்லை. சர்க்கரை ஏறினாலும் அமிலம் அப்படியே நிற்கும். அமிலத்தைப் பிஎச் என்ற அளவால் குறிப்பார்கள். எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். புளிக்கரைசல் 3ஐ ஒட்டி இருக்கும், வெறும் சோறு 6க்கு மேல். உணவுப் பாதுகாப்பில் உலகம் முழுக்கக் கோடு கிழித்திருக்கும் எண் 4.6. அதற்குக் கீழே போனால் ஆபத்தான பல கிருமிகள் முடங்கிவிடும். ஆகவே புளியோதரையில் புளியைக் குறைத்து 'மைல்டாக' வைக்கிற வழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. வீட்டில் சுடச்சுடச் சாப்பிட அது சரி. பயணத்துக்குக் கட்டும்போது நாக்கில் சுருக்கென்று உறைக்கிற புளிப்புதான் பாதுகாப்பு.

புளிக்காய்ச்சலை முதல் நாள் இரவே செய்துவிட வேண்டும். அடுப்பருகே நின்று கவனித்தால் அது தன் பக்குவத்தைத் தானே சொல்லும். நல்லெண்ணெயில் கடுகு, கடலைப்பருப்பு, வேர்க்கடலை, மிளகாய் வற்றல், பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்துப் புளிக்கரைசலை ஊற்றியதும் முதலில் சலசலவென்று கொதிக்கும். நிறம் வெளிறி இருக்கும், எண்ணெய் எங்கே போனதென்றே தெரியாது. மெல்ல மெல்லச் சத்தம் கனக்கும். குமிழிகள் பெரிதாகி, தளக் தளக்கென்று உடைந்து அடுப்பைச் சுற்றித் தெறிக்கும். தீயைக் குறைத்துக் கிளறிக்கொண்டே இருந்தால் கரண்டி போன வழியில் சட்டியின் அடி தெரிந்து மெதுவாக மூடும். அப்போது ஓரத்தில் எண்ணெய் கசியத் தொடங்கும். தண்ணீர் பெரும்பகுதி போய்விட்டது என்பதற்கு அதுதான் சாட்சி. கிருமி வளர ஈரம் வேண்டும். இருக்கிற கொஞ்ச ஈரத்தையும் உப்பும் அமிலமும் பிடித்துவைத்துக் கொள்கின்றன. மேலே நிற்கும் எண்ணெய் காற்றைத் தள்ளி வைக்கிறது. அதனால்தான் காய்ச்சல் மட்டும் ஜாடியில் வாரக்கணக்கில் இருக்கிறது.

நல்லெண்ணெய்க்குப் பதில் வேறு எண்ணெய் ஊற்றினால் என்ன? செய்யலாம், ஆனால் நஷ்டம். எள்ளில் செசமின், செசமோலின் என்ற சேர்மங்கள் உண்டு. சூடேறும்போது செசமோலினிலிருந்து செசமோல் பிறக்கிறது. எண்ணெய் காற்றோடு சேர்ந்து சிக்கு வாடை அடிப்பதை இது தள்ளிப்போடுகிறது. பொரித்த வேர்க்கடலையும் பெருங்காயமும் மதியம்வரை மணப்பதில் எள்ளுக்குப் பங்கு இருக்கிறது. இறக்கிய பிறகு வெந்தயமும் எள்ளும் வறுத்துப் பொடித்துத் தூவுங்கள்.

அடுத்து சோறு. வெந்த அரிசி ஆறும்போது அதிலுள்ள அமைலோஸ் என்ற மாவுச்சத்து இழைகள் மீண்டும் ஒன்றோடொன்று நெருங்கி இறுகுகின்றன. பருக்கை விறைப்பது இதனால்தான். புளியோதரைக்கு இது அளவோடு வேண்டும். சூட்டில் கிளறினால் குழைந்துவிடும், ஆறிய பருக்கை உடையாது. வடித்த சோற்றை அகலத் தாம்பாளத்தில் பரப்பி, இரண்டு கரண்டி நல்லெண்ணெயும் உப்பும் விட்டு ஆறவைப்பது இதற்காகத்தான். எண்ணெய் பருக்கையைப் பூசி ஒட்டாமல் வைக்கும், காயாமலும் பார்க்கும். பரப்புவதில் இன்னொரு நன்மை இருக்கிறது. 60 டிகிரிக்குக் கீழே இறங்கியதிலிருந்து கிருமிக்குக் கொண்டாட்டம். குவியலாக வைத்தால் நடுச்சோறு மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே கிடக்கும். பரப்பினால் சீக்கிரம் ஆறிவிடும், உடனே காய்ச்சலைக் கலந்து புளிப்பின் பாதுகாப்புக்குள் கொண்டுவந்துவிடலாம். கையால் பிசைவதைவிட கரண்டி நல்லது. தோலிலும் மூக்கிலும் குடியிருக்கும் ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமியின் நச்சும் சூட்டுக்கு அழியாது.

எலுமிச்சையின் அமிலம் சிட்ரிக். புளிப்பில் அது டார்டாரிக்கோடு போட்டி போடும். ஆனால் ஒரு பழத்துச் சாற்றின் அளவு குறைவு, ஆகவே காவலும் அந்த அளவுக்குத்தான். சாற்றைத் தாளிப்போடு கொதிக்கவிடாதீர்கள். கசக்கும், மணமும் ஆவியாகிப் போகும். அடுப்பை அணைத்து, சூடு தணிந்த பிறகு பிழியுங்கள்.

எனக்குப் பெருமதிப்பு தயிர் சாதத்தின் மேல். மேலே சொன்ன இரண்டையும் நாம் புளிக்க வைத்துக் கட்டுகிறோம். இதுவோ வழியிலேயே புளித்துக்கொள்கிறது. சோற்றைக் குழைய வேகவைத்து, சூட்டிலேயே மசித்து, காய்ச்சிய பாலைத் தாராளமாக ஊற்ற வேண்டும். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் ஒரு கரண்டி கெட்டித் தயிர் விட்டுக் கலக்கினால் போதும். அதற்கு முன் விட்டால் தயிரில் இருக்கும் லாக்டிக் பாக்டீரியா வெந்துவிடும். ஆடி வெயில் அவற்றுக்கு அளவான சூடு. பையில் இருக்கும்போதே பாலின் சர்க்கரையை லாக்டிக் அமிலமாக்குகின்றன. பாலின் பிஎச் 6.6ஐ ஒட்டித் தொடங்கி 4.6 நோக்கி இறங்கும். இலையில் வைக்கும்போது அப்போதுதான் தோய்ந்த தயிரின் ருசி. காலையிலேயே முழுக்கத் தயிர் விட்டுப் பிசைந்தால் மதியம் வாய் கூசும். இஞ்சி, பச்சைமிளகாய் நறுக்கிப் போடலாம். மாதுளையும் திராட்சையும் சாப்பிடும் முன் தூவினால் போதும்.

தேங்காய்ச் சாதத்துக்கு இப்படி ஒரு காவலும் இல்லை. துருவலில் ஈரம், இனிப்பு, கொழுப்பு எல்லாம் உண்டு, புளிப்பு மட்டும் இல்லை. எண்ணெயில் நன்றாகச் சிவக்க வறுத்தால் சற்றுத் தாங்கும். என் முடிவு: சர்க்கரைப் பொங்கலையும் தேங்காய்ச் சாதத்தையும் வீட்டில் படைத்துக் காலையிலேயே சாப்பிட்டுவிடுங்கள். பொங்கலில் வெல்லம் இருக்கிறதே என்று நம்ப வேண்டாம். அதிரசத்தைக் காக்கிற அளவுக்கு அடர்ந்த பாகு அதில் இல்லை, ஈரமே அதிகம்.

நான்கு பேருக்கு 400 கிராம் பச்சரிசியோ பொன்னியோ போதும். 300 கிராமை உதிரியாக வடித்து, மீதி 100 கிராமைத் தயிர் சாதத்துக்குக் குழைய விடுங்கள். உதிரியில் இரண்டு பங்கு புளியோதரைக்கு. அதற்குப் பெரிய எலுமிச்சை அளவு, சுமார் 40 கிராம், பழைய புளியும் 60 மில்லி நல்லெண்ணெயும் பிடிக்கும். மீதி ஒரு பங்கு எலுமிச்சைச் சாதத்துக்கு. மோர்மிளகாயும் கூழ்வடாமும் பொரித்துத் தனி டப்பாவில். சாதத்தோடு வைத்தால் ஈரம் இழுத்து நமுத்துவிடும்.

முழுக்க ஆறாமல் மூடினால் ஆவி மூடியில் நீராகி மேல்சோற்றில் சொட்டும், அந்த இடம்தான் முதலில் ஊசும். வாட்டிய வாழையிலையை உள்ளே விரித்து எவர்சில்வர் டப்பாவில் வையுங்கள். புளியும் எலுமிச்சையும் அலுமினியத்தை அரிக்கும், ஈயம் பூசாத பித்தளையையும் அரிக்கும். பழைய தூக்குவாளியை எடுப்பதற்கு முன் உட்புறத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கரையில் முதலில் எலுமிச்சைச் சாதத்தைத் தீர்த்துவிடுங்கள், அடுத்து தயிர் சாதம். புளியோதரை இரவுவரை காத்திருக்கும். தயிர் சாதம் மிஞ்சினால் சாயங்காலத்துக்குள் முடித்துவிடுங்கள், எலுமிச்சைச் சாதம் மிஞ்சினால் வீட்டுக்கு எடுத்து வரவேண்டாம். முகர்ந்து பார்த்து நன்றாகத்தானே இருக்கிறது என்று குழந்தைகளுக்கு ராத்திரி சூடுபண்ணிக் கொடுக்காதீர்கள். இந்த ஒன்றில் மட்டும் சிக்கனம் வேண்டாம்.