மெல்லிய சவ்வில் எழும் இன்னிசை

எண்ணெய் படாத உலர்ந்த தலைமுடியில் பிளாஸ்டிக் சீப்பைச் சில முறை இழுத்து, அதைச் சிறு காகிதத் துண்டுகளின் அருகே கொண்டு சென்றால் அவை துள்ளியெழுந்து சீப்பில் ஒட்டிக்கொள்ளும். பள்ளிச் சிறுவரும் அறிந்த இவ்விளையாட்டிற்குக் காரணம் நிலைமின்சாரம். காகிதத் துண்டை அசைக்கும் இதே ஆற்றல், வயலின் இசையையும் மனிதக் குரலையும் நம் இல்லத்தில் எழுப்ப வல்லது என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா? அவ்வாறு இயங்கும் கருவியே நிலைமின் ஒலிபெருக்கி. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இசையார்வம் கொண்ட பலர் இதனைத் தம் கைகளாலேயே செய்து, இல்லத்து ஸ்டீரியோவுடன் இணைத்துக் கேட்டு மகிழ்கின்றனர். அதன் இயல்பு யாது, அதைச் செய்ய முனைவோர் எவற்றை எண்ணிப் பார்க்க வேண்டும் என்பவற்றை இங்குக் காண்போம்.

கூம்பும் சவ்வும்

நாம் அன்றாடம் காணும் ஒலிபெருக்கியில் ஒரு காந்தமும், அதன் இடையே அசையும் கம்பிச் சுருளும், சுருளோடு ஒட்டிய கூம்பும் உள்ளன. 1925ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் என்னும் இருவர் வெளியிட்ட ஆய்வே இதற்கு அடிப்படை. எளியது, உறுதியானது, விலை குறைந்தது. ஆயினும் இதில் ஒரு குறை உண்டு. சுருள் தள்ளுவது கூம்பின் நடுப்பகுதியை மட்டுமே. விளிம்பு அதனைப் பின்தொடர்ந்து அசைய வேண்டும். விரைவான அதிர்வுகளின்போது கூம்பு வளைந்து நெளிகிறது. இசை நின்ற பின்னும் சிறிது நடுங்குகிறது. இதனால் ஒலியின் தெளிவு குன்றுகிறது.

நிலைமின் ஒலிபெருக்கியில் கூம்பும் இல்லை, காந்தமும் இல்லை. துளைகள் நிறைந்த இரு உலோகத் தகடுகளுக்கு நடுவே மெல்லிய பாலியெஸ்டர் சவ்வு ஒன்று இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். சவ்வில் உயர் மின்னழுத்தத்தால் மின்னூட்டம் ஏற்றப்படுகிறது. இசையின் மின்னலைகள் இரு தகடுகளுக்கும் எதிரெதிராகச் செல்கின்றன. ஒரு தகடு சவ்வை இழுக்கும்பொழுது மற்றது தள்ளுகிறது. சவ்வின் பரப்பு முழுவதும் ஒருசேர அசைகிறது.

6 மைக்ரான் தடிப்புள்ள பாலியெஸ்டர் தாள் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 8 கிராம் எடையே உடையது. அதே பரப்பில் 7 மில்லிமீட்டர் உயரத்திற்கு நிற்கும் காற்றின் எடையும் அவ்வளவே. அதாவது, தான் அசைக்கும் காற்றைப் போலவே சவ்வும் இலேசானது. ஆகவேதான் அது இசையின் நுண்மைகளை விரைவாகப் பின்தொடர்கிறது. இசை நின்றதும் தானும் நின்றுவிடுகிறது.

இக்கருத்து புதியதன்று. கெல்லாக் 1934ஆம் ஆண்டிலேயே இவ்வகைக் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் தக்க சவ்வு அக்காலத்தில் கிடைக்கவில்லை. 1950களில் மைலார் என்னும் பாலியெஸ்டர் தாள் கடைக்கு வந்த பின்னரே வழி பிறந்தது. இங்கிலாந்தின் ஹண்டிங்டன் நகரில் தொழில் நடத்திய பீட்டர் வாக்கர் 1955இல் ‘வயர்லெஸ் வேர்ல்ட்’ இதழில் இதன் இலக்கணத்தை விளக்கி எழுதினார். 1957இல் ‘குவாட்’ நிலைமின் ஒலிபெருக்கியை விற்பனைக்குக் கொணர்ந்தார். குரலிசையின் தெளிவுக்கு அது இன்றும் உரைகல்லாகப் பேசப்படுகிறது.

இல்லத்தில் செய்யும் முறை

இதன் உறுப்புகள் சிலவே. அதனால்தான் வீட்டில் செய்ய முடிகிறது. 1995இல் ரோஜர் சாண்டர்ஸ் இதுபற்றி எழுதிய நூலுக்குச் சமையல் நூல் என்று பொருள்படும் பெயரையே சூட்டினார். சமையலைப் போலவே இதிலும் பொருள்களைவிடக் கைப்பக்குவமே பெரிது.

முதலில் துளையிட்ட தகடுகள். அவற்றின் விளிம்பிலும் துளைகளிலும் உள்ள பிசிறுகளை நன்றாகத் தேய்த்து நீக்க வேண்டும். கூர்முனை இருக்குமிடத்தில் தீப்பொறி பாயும். பின்னர் மின்காப்பு வண்ணத்தைப் பல முறை பூசி உலர்த்த வேண்டும்.

அடுத்தது சவ்வு. அதை இழுப்பதற்குப் பலர் மிதிவண்டியின் உள் ட்யூபைப் பயன்படுத்துகின்றனர். பலகையின் விளிம்பைச் சுற்றி ட்யூபை வைத்து, அதன் மேல் தாளை ஒட்டிக் காற்றடித்தால், எல்லாப் பக்கமும் ஒரே சீராக இழுபடும். இழுவை குறைந்தால் சவ்வு ஒரு தகட்டோடு ஒட்டிக்கொள்ளும். தகட்டுக்கும் சவ்வுக்கும் உள்ள இடைவெளி ஏறத்தாழ 2 மில்லிமீட்டர். அந்த இடைவெளியைப் போல் 70 முதல் 100 மடங்குக்கு மேற்பட்ட அகலத்தைத் தாங்கலின்றி விடலாகாது. இடையிடையே பட்டைகள் வைக்க வேண்டும்.

சவ்வின் மேல் கிராஃபைட் தூளைத் தேய்த்து, ஏறக்குறைய கண்ணுக்குத் தெரியாத அளவுக்குத் துடைத்துவிடுவர். மின்சாரம் நன்கு பாயும் பூச்சு இங்கு உதவாது. மின்னூட்டம் இடம்பெயர்ந்து ஓடாமல் பரப்பெங்கும் நிலைத்து நின்றால்தான் ஒலி திரிபின்றி எழும்.

சவ்வுக்கு வேண்டிய சில ஆயிரம் வோல்ட்டை டயோடுகளும் கப்பாசிட்டர்களும் சேர்ந்த சிறு அடுக்கு தருகிறது. ஆம்ப்ளிஃபயரின் அலைகளை ஒரு டிரான்ஸ்ஃபார்மர் 50 முதல் 100 மடங்கு வரை உயர்த்தித் தகடுகளுக்கு அனுப்புகிறது.

மறக்கலாகாத எச்சரிக்கை

பெற்றோர் இப்பகுதியை இருமுறை படித்தல் நலம். சவ்வுக்குச் செல்லும் மின்னோட்டம் மிகச் சிறிது, ஆகவே ஆபத்து இல்லை என்று கூறுவோர் உளர். இது பாதி உண்மையே. ஆம்ப்ளிஃபயரிலிருந்து டிரான்ஸ்ஃபார்மர் வழியே தகடுகளுக்கு வரும் மின்சாரம் உயிரைப் பறிக்கப் போதுமானது. மேலும், சுவிட்சை அணைத்த பின்னும் கப்பாசிட்டர்களில் மின்னூட்டம் தங்கியிருக்கும்.

ஆகவே பிளக்கை உருவிச் சில நிமிடங்கள் பொறுத்து, எஞ்சிய மின்னூட்டத்தைத் தக்க மின்தடை வழியே வெளியேற்றிய பின்னரே கை வைக்க வேண்டும். ஆம்ப்ளிஃபயரும் அணைந்திருக்க வேண்டும். தனிமையில் இவ்வேலை கூடாது. மின் இணைப்புகள் அனைத்தும் மூடிய பெட்டிக்குள் இருத்தல் வேண்டும். தகடுகளின் துளைகளில் குழந்தைகள் ஊசியையோ கொண்டை ஊசியையோ நுழைக்காதபடி முன்னும் பின்னும் காப்புத் திரை அமைத்தல் இன்றியமையாதது. மின் வேலையில் தேர்ந்த ஒருவர் பார்த்துச் சரியெனக் கூறும் வரை இசைக்கத் தொடங்கலாகாது. தவழும் குழந்தை உள்ள வீட்டில் இம்முயற்சியைச் சில ஆண்டுகள் ஒத்திவைப்பதே அறிவுடைமை. இசை காத்திருக்கும், குழந்தையின் உயிரோடு விளையாடலாகாது.

நிறையும் குறையும்

இக்கருவி பேரொலி எழுப்பாது. சவ்வு முன்னும் பின்னும் ஒருங்கே ஒலிப்பதால், தாழ்ந்த ஸ்வரங்களில் இரு பக்க ஒலிகளும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. எனவே பலரும் தாழ்ந்த ஒலிகளுக்கு வழக்கமான கூம்பு ஒலிபெருக்கியைத் துணையாக வைக்கின்றனர். சுவரிலிருந்து ஒரு மீட்டர் அளவேனும் தள்ளி நிறுத்த வேண்டும். தூசியும் ஈரக் காற்றும் இதற்குப் பகை. எல்லா ஆம்ப்ளிஃபயரும் இதனோடு ஒத்துழைப்பதில்லை.

முதன்முறை செய்வோர் ஓரடி அகலமும் இரண்டடி உயரமும் கொண்ட சிறு பலகையில் தொடங்கி, மேல் ஸ்வரங்களை மட்டும் அதற்கு அளித்துப் பார்க்கலாம். தாளை விரிக்கவும் பிடிக்கவும் நான்கு கைகள் தேவை. தந்தையும் வளர்ந்த மக்களும் சேர்ந்து செய்ய ஏற்ற பணி இது. மாதக்கணக்கில் ஆகலாம், முதல் சவ்வு கிழியவும் கூடும். ஆயினும் அவசரமின்றி, காப்பில் எந்தக் குறையும் வையாமல் செய்து முடிப்போர்க்கு, பாடகர் மூச்சு வாங்கும் மெல்லொலியும் கேட்கும் தெளிவு கைகூடும்.