இலங்கையைக் கெடுத்தது இயற்கை வேளாண்மையா?

"அண்ணே, இதைப் பாத்தீங்களா? இயற்கை விவசாயத்தாலதான் இலங்கையே திவாலாயிடுச்சாம்!"

டீக்கடையில் தம்பி முறையுள்ள உறவுக்காரர் ஒருவர் செல்பேசியை நீட்டினார். நாலு நிமிடக் காணொலி. முதல் காட்சியில் இரசாயன உரத் தடை. அடுத்து பெட்ரோலுக்கு நீண்ட வரிசை. கடைசியில் அதிபர் மாளிகைக்குள் புகுந்த மக்கள். வரும் பருவத்தில் தன் 2 ஏக்கரையும் இயற்கைக்கு மாற்ற இருந்தவர் அவர். "பயமா இருக்குண்ணே" என்றார்.

"எல்லாம் உரக் கம்பெனிக்காரன் கட்டிவிட்ட கதை, போங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் உறுத்தியது. அவர் காணொலியை விசாரிக்காமல் நம்பினார். நானும் எனக்குப் பிடித்த பதிலை விசாரிக்காமல்தானே சொன்னேன்? அன்றிரவு, நடந்ததையெல்லாம் தேதிவாரியாக ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன்.

2019 ஏப்ரலில் ஈஸ்டர் குண்டுவெடிப்பு. சுற்றுலா வருமானம் அடிபட்டது. அந்த ஆண்டுக் கடைசியில் மதிப்புக் கூட்டு வரி 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அரசு வருமானம் சரிந்தது. 2020இல் கொரோனா. வெளிநாட்டுக் கடனோ தலைக்கு மேல். டாலர் கையிருப்பு கரைந்துகொண்டே வந்தது. இவ்வளவுக்கும் பிறகுதான், 2021 மே மாதம், இரசாயன உர, பூச்சிக்கொல்லி இறக்குமதிக்குத் தடை வந்தது. அந்த நவம்பரிலேயே தடையை விலக்கிக்கொண்டார்கள். 2022 ஏப்ரலில், வெளிநாட்டுக் கடனை இப்போதைக்குக் கட்ட முடியாது என்று அரசு அறிவித்தது.

காணொலியில் பொய்யான காட்சி ஒன்றுகூட இல்லை. ஆனால் கதையை 2021 மே மாதத்தில் தொடங்கிவிட்டார்கள். எங்கே தொடங்குவது என்று முடிவு செய்கிறவரே, பழி யார் மேல் விழும் என்பதையும் முடிவு செய்துவிடுகிறார்.

நம் பக்கமும் ஒரு குறை உண்டு. தடைக்குப் பின் அங்கே நெல் விளைச்சல் பெரிதும் குறைந்தது, தேயிலையும் குறைந்தது. உழவர்கள் வீதிக்கு வந்து போராடினார்கள். இதை மறைத்துவிட்டு "எல்லாம் சதி" என்றால், நாமும் கதையை நமக்கு வசதியான இடத்தில் வெட்டுகிறோம் என்றுதான் அர்த்தம். 2019 தேர்தல் அறிக்கையில் 10 ஆண்டுகளில் மாறுவோம் என்றவர்கள், ஒரே உத்தரவில் மாறச் சொன்னார்கள். போதிய தொழுவுரமும் இல்லை, பயிற்சியும் இல்லை. நம் நாட்டில் அங்ககச் சான்று பெறவே ஆண்டுப் பயிருக்கு 2 ஆண்டும், பல்லாண்டுப் பயிருக்கு 3 ஆண்டும் மாறுகாலம் உண்டு. மண் உத்தரவுக்குக் கட்டுப்படாது என்பது நமக்குத் தெரியாததா?

அதனால் இப்போது எந்தச் செய்தி வந்தாலும், பகிர்வதற்கு முன் நான் கேட்டுக்கொள்வது இதுதான்: இதற்கு முன்னால் என்ன நடந்தது? யாரைப் பேச விடவில்லை? இதை நான் நம்பினால் யாருக்கு லாபம்? நமக்குச் சாதகமான செய்தி என்றால் இதே கேள்விகளை இன்னொரு முறை கேட்கவேண்டும்.

மறுநாள் தாளைக் காட்டினேன். பொறுமையாகப் படித்தார்.

"அப்ப ரெண்டு ஏக்கரையும் ஒரேயடியா மாத்துறதும் தப்புதானேண்ணே?"

"ஆமா தம்பி. அரை ஏக்கர்ல தக்கைப்பூண்டு விதைச்சு, பூக்கிறப்ப மடக்கி உழுங்க. மண்ணைப் பாத்துட்டு மிச்சத்தை யோசிக்கலாம்."

இந்த வாரம் 10 கிலோ தக்கைப்பூண்டு விதை வாங்கியிருக்கிறார்.