கற்பதற்கு வயது ஒரு தடையா?



பதினைந்து வயது மகள் ஒரு மாலை பள்ளியிலிருந்து வந்து, “உம்மா! நான் சாஃப்ட்பால் ஆட்டத்தில் பந்தெறியக் கற்றுக்கொள்ள விரும்புகிறேன்” என்று கூறினால் தாங்கள் என்ன விடை பகர்வீர்கள்? “எட்டு வயதில் தொடங்கியிருக்க வேண்டும், இனி எதற்கு?” என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அச்சொல் ஆடுகளத்தோடு நின்றுவிடாது. நாளை அவள் ஒரு புதிய மொழியையோ, திருக்குர்ஆனைத் திருத்தமாக ஓதுவதையோ தொடங்க எண்ணும்போதும் அதே சொல் அவள் காதில் ஒலிக்கும்.

சாஃப்ட்பால், பேஸ்பாலின் தங்கை போன்றது. 1887-ஆம் ஆண்டு அமெரிக்காவின் சிகாகோ நகரில், கட்டடத்துக்குள் ஆடும் ஆட்டமாக அது தோன்றியது. நம் நாட்டுப் பள்ளி, கல்லூரிகளிலும் அது ஆடப்படுகிறது. பந்தின் சுற்றளவு 12 அங்குலம். எடை ஏறத்தாழ 180 முதல் 200 கிராம். பெண்கள் ஆட்டத்தில் பந்தெறிபவர் 43 அடி தொலைவில் நின்று, கையைக் காற்றாலை போல் முழுவட்டமாகச் சுழற்றி, இடுப்பருகே பந்தை விடுவிக்க வேண்டும்.

அமெரிக்காவில் சிறுமியர் பலர் எட்டு, பத்து வயதிலேயே இதைப் பழகத் தொடங்கிவிடுகின்றனர். அவர்கள் பல்லாயிரம் முறை பந்தெறிந்து பழகியவர்கள் என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் தாமதமாக வருபவளிடம் சிறுமியிடம் இல்லாத சில செல்வங்கள் உண்டு. சொன்னதைப் புரிந்துகொள்ளும் அறிவு, வளர்ந்த உடலின் வலிமை, பிறர் தூண்டாமல் தானே கொண்ட ஆர்வம் ஆகியவை அவை.

அவள் செய்யத் தகாதது ஒன்றே. முதல் நாளே 43 அடியிலிருந்து வேகமாக எறிய முயலக் கூடாது. முதலில் சில அடி தொலைவில் நின்று மணிக்கட்டை மட்டும் சுண்டிப் பழக வேண்டும். பிறகு அரைவட்டம், அதன் பின் முழுவட்டம், கடைசியாகக் காலை முன்வைத்து உந்தும் அசைவு என்று படிப்படியாக ஏற வேண்டும். வேகம் கையிலிருந்து மட்டும் பிறப்பதன்று. கால்களின் உந்துதலே அதற்கு அடிப்படை. அசைவு சீர்பட்ட பின்னரே தொலைவைக் கூட்ட வேண்டும்.

கீழ்க்கையாக எறிவதால் தோளுக்குத் தீங்கில்லை என்று சிலர் எண்ணுகின்றனர். அது தவறு. தோளின் முன்புறத்தில் வலி தோன்றினால் அன்றே நிறுத்த வேண்டும். நீடித்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஓய்வு நாள்களும் பயிற்சியின் ஒரு பகுதியே.

ஜப்பானிய வீராங்கனை யுகிகோ உவெனோ, 2008-ஆம் ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக்கில் இரண்டே நாள்களில் 413 முறை பந்தெறிந்து தம் நாட்டுக்குத் தங்கம் பெற்றுத் தந்தார். 2021-இல் டோக்கியோவில் மீண்டும் தங்கம் வென்றபோது அவருக்கு வயது 39. அவர் சிறுவயதிலேயே தொடங்கியவர் என்பது உண்மை. ஆயினும், பதினைந்து வயதில் தொடங்கும் பெண்ணின் முன்னே இன்னும் எத்தனை ஆண்டுகள் விரிந்து கிடக்கின்றன என்பதை அவருடைய வாழ்க்கை உணர்த்துகிறது.

தாய்மார்களும் தயங்க வேண்டியதில்லை. பந்தை உயர வளைத்து மெதுவாக எறியும் வகை ஒன்றும் இவ்வாட்டத்தில் உண்டு. அமெரிக்காவில் ஐம்பது வயதைக் கடந்தோருக்கெனத் தனிப் போட்டிகளே நடைபெறுகின்றன.

நம் மார்க்கம் உடற்பயிற்சிக்கு எதிரானதன்று. நாயகம் (ஸல்) அவர்கள் அம்பெய்யப் பழகுவதை ஊக்குவித்தார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப்பந்தயமும் நடத்தினார்கள். ஸஹாபாப் பெருமக்களுள் பலர் நடுவயதை அடைந்த பின்னரே இஸ்லாத்தைத் தழுவி, குர்ஆனைக் கற்றார்கள். “காலம் கடந்துவிட்டது” என்று அவர்களை எவரும் திருப்பி அனுப்பவில்லை.

ஆகவே தங்கள் மகள் கேட்டால், தொழுகை நேரத்தையும் கண்ணியமான உடையையும் பேணிக்கொள்ளும்படி அன்போடு கூறுங்கள். கையைச் சுழற்றும்போது தடுக்காதவாறு உடையை அமைத்துக் கொடுங்கள். பின்னர் ஒரு பந்தை வாங்கித் தந்து, பத்தடி தள்ளி நின்று அவள் எறிவதைத் தாங்களே பிடியுங்கள். முதல் பந்து எங்கோ போய் விழும், விழட்டும். அதை எடுத்து வந்து அவள் கையில் மீண்டும் கொடுப்பதே பெற்றோரின் கடமை. வல்ல அல்லாஹ் நம் மக்களின் நல்ல முயற்சிகளுக்குத் துணை நிற்பானாக! ஆமீன்.