டின் பாலும் பச்சிளம் சிறுநீரகமும்

1978-இல் அமெரிக்காவின் சின்டெக்ஸ் நிறுவனம் நியோ-முல்-சோய் என்ற தன் சோயா குழந்தைப்பாலில் உப்பைக் குறைத்தது. உப்போடு குளோரைடும் போயிற்று. அடுத்த ஆண்டு, அதைக் குடித்த குழந்தைகள் சிலர் பசியற்று, எடை ஏறாமல் துவண்டார்கள். இரத்தத்தில் காரத்தன்மை கூடியிருந்தது. 1980-இல் அந்நாடு குழந்தைப்பாலுக்கென்றே சட்டம் இயற்றியது.

அமிலம் கூடினாலும் ஆபத்துதான். அதை வெளியேற்ற வேண்டிய சிறுநீரகம் பிறந்த குழந்தைக்கு, அதிலும் குறைமாதக் குழந்தைக்கு, இன்னும் முதிர்ந்திருக்காது. புரதம் கூடினால் அமிலமும் கூடும். 100 மில்லி தாய்ப்பாலில் புரதம் சுமார் 1 கிராம். பசும்பாலில் 3 கிராமுக்கு மேல். முன்பு புரதம் மிகுந்த பவுடர் பால் குடித்த குறைமாதக் குழந்தைகள் சிலருக்கு இரண்டு, மூன்றாம் வாரத்தில் இரத்தத்தில் அமிலம் ஏறி எடை கூடுவது நின்றுபோனது. இன்றைய பவுடர்களில் புரத அளவைத் திருத்தியிருக்கிறார்கள். அதை வீட்டில் நாம் கெடுத்துவிடக் கூடாது.

மாதக் கடைசியில் டின்னை இழுத்துப்பிடிக்கத் தண்ணீரைக் கூட்டினால் சோடியம் இறங்கி வலிப்பு வரலாம். பிள்ளை கொழுக்கட்டும் என்று ஒரு கரண்டி கூடப் போட்டால் சோடியம் ஏறும், உடலில் நீர் வற்றும். அந்த டின்னோடு வந்த கரண்டியால் தலைதட்டி அளந்து, டின்னில் எழுதியுள்ள அளவு தண்ணீரை மட்டும் சேர்க்க வேண்டும். ஆறு மாதத்துக்குள் பாக்கெட் பாலும் கூடாது. மூச்சு வேகமாக வாங்கினாலோ, குழந்தை பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தாலோ காத்திருக்காதீர்கள்; 108-ஐ அழையுங்கள்.

தாய்ப்பால் தர முடியாதபோது டின் பால் கொடுப்பதில் குற்றவுணர்வு வேண்டாம். ஆனால் அதை யாரும் உங்கள் தலையில் கட்டக் கூடாது. இந்தியாவின் 1992-ஆம் ஆண்டுச் சட்டமும் 2003 திருத்தமும் குழந்தைப்பால் விளம்பரம், தாய்மாருக்கு இலவச மாதிரி, மருத்துவப் பணியாளருக்கு நிறுவனம் தரும் பரிசு எல்லாவற்றையும் தடை செய்கின்றன. டின்னில் குழந்தைப் படம்கூட இருக்கக் கூடாது. விளம்பரம், மாதிரி, பரிசு குறித்த தடையை மீறினால் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இந்த அபராதம் பெரிய நிறுவனத்துக்கு உறைக்காது. உயர்த்தியே ஆக வேண்டும். திருமழிசைக்காரர்கள் திருவள்ளூர் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் புகார் தரலாம். டின், பேட்ச் எண், பில் மூன்றையும் பத்திரப்படுத்துங்கள்.

திருமழிசை சிட்கோவில் வேலைக்குப் போகும் தாய் பலநேரம் டின்னை எடுப்பது ஷிஃப்டுக்காகத்தான். முதல் இரு குழந்தைகளுக்கு 26 வாரச் சம்பள விடுப்பு சட்டப்படியான உரிமை, இ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவருக்கு அந்தத் தொகையை இ.எஸ்.ஐ.யே தருகிறது. வேலைக்குத் திரும்பிய பிறகும், குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை பாலூட்ட தினமும் இரண்டு இடைவேளை உண்டு. சூப்பர்வைசரிடம் வாயால் கேட்டு மறுக்கப்பட்டால், எழுதிக் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள்.