100 ரூபாய் காயினுக்கு சில ஆயிரம் விலையா? நினைவு நாணயம் கிஃப்ட் கொடுக்கும் முன் இதைப் படிங்க!

கல்யாணம், அறுபதாம் கல்யாணம், பணி ஓய்வு என்று வந்தால் வெள்ளிக் குத்துவிளக்குக்குப் பதிலாக இப்போது பலர் தேடுவது நினைவு நாணயம். எம்.ஜி.ஆர். நூற்றாண்டு 100 ரூபாய் நாணயம், 2024 ஆகஸ்ட் 18-ல் சென்னையில் வெளியிடப்பட்ட கலைஞர் 100 ரூபாய் நாணயம் போன்றவை. ஆனால் விலையைப் பார்த்ததும், "100 ரூபாய் காசுக்கு எதுக்கு ஆயிரக்கணக்குல கொடுக்கணும்?" என்ற கேள்வி வரும். நியாயமான கேள்விதான்.

நாணயத்தில் அச்சிட்டிருக்கும் தொகை அதன் விலை அல்ல. உதாரணமாக எம்.ஜி.ஆர். நாணயம் 35 கிராம் எடை, 44 மி.மீ. விட்டம். அதில் பாதி வெள்ளி, மீதி செம்பு, நிக்கல், துத்தநாகம். அதாவது 17.5 கிராம் வெள்ளி இருக்கிறது. அதோடு அச்சடிக்கும் செலவும் பெட்டிக்கான செலவும் சேரும். இதைக் கொண்டுபோய் மளிகைக் கடையில் 100 ரூபாய்க்கு நீட்டுபவர் யாரும் இருக்க மாட்டார்கள்!

நகைக்கடை காசும் இதுவும் ஒன்றா?

இல்லை. நகைக்கடையில் வாங்கும் லட்சுமி படம் போட்ட வெள்ளிக் காசு சட்டப்படி நாணயமே கிடையாது, வெறும் வெள்ளி. அவசரத்துக்கு விற்கலாம், உருக்கிக் கொலுசு செய்யலாம். அரசு நாணயத்தை அப்படிச் செய்ய முடியாது. நாணயத்தை உருக்குவதோ அழிப்பதோ 2011 நாணயச் சட்டப்படி குற்றம், 7 ஆண்டுகள் வரை சிறை உண்டு. வேண்டாம் என்றால் இன்னொரு சேகரிப்பாளரிடம்தான் விற்க வேண்டும், அவர் கொடுக்கும் விலைதான் விலை. எனவே 'முதலீடு' என்று நினைத்துக் கொடுப்பதாக இருந்தால் நகைக்கடை காசே மேல். ஞாபகமாக வைத்திருக்கட்டும் என்றால் மட்டும் நினைவு நாணயம்.

எங்கே வாங்குவது?

மத்திய அரசின் எஸ்.பி.எம்.சி.ஐ.எல். நிறுவனத்தின் கீழ் மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், நொய்டாவில் நாணயச்சாலைகள் இருக்கின்றன. அவற்றின் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் புக் செய்யலாம். 'ப்ரூஃப்' என்றால் கண்ணாடி மாதிரி மின்னும் பளபளப்பு, விலை கூடுதல். 'யு.என்.சி.' என்றால் புழக்கத்துக்கு வராத சாதாரண அச்சு. ஒரு சிக்கல்: புக்கிங் குறிப்பிட்ட காலம்தான் திறந்திருக்கும், கைக்கு வர மாதக்கணக்கில் ஆகலாம். அடுத்த வார முகூர்த்தத்துக்கு இதை நம்பி இருக்காதீங்க.

புக்கிங் முடிந்த நாணயத்துக்கு வியாபாரிகளிடம்தான் போக வேண்டும். அங்கே விலை இஷ்டத்துக்கு ஏறும், போலியும் கலந்திருக்கும். தராசில் வைத்து எடையை அரசு அறிவிப்போடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுக் காசு கொடுப்பது நல்லது.

பட்ஜெட் குறைவா? 1995 தஞ்சை உலகத் தமிழ் மாநாட்டுக்கு வந்த திருவள்ளுவர் 5 ரூபாய், 2009 அண்ணா நூற்றாண்டு 5 ரூபாய் எல்லாம் புழக்கத்துக்கு வந்தவை. 1995-ல் பிறந்தவருக்கு வள்ளுவர் காசை அழகாக ஃபிரேம் போட்டுக் கொடுத்தால் செலவும் குறைவு, பொருத்தமும் அதிகம். 1969-ல் பிறந்த அப்பாவுக்கு அந்த வருஷத்து காந்தி நூற்றாண்டு 10 ரூபாய் வெள்ளி நாணயம் இருக்கிறது.

"வைஷ்ணவ தேவி காயின் இருந்தா 10 லட்சம்" என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பி யாருக்கும் முன்பணம் அனுப்பிவிடாதீர்கள். ரிசர்வ் வங்கி பெயரைச் சொல்லிக் கமிஷன், வரி கேட்கும் கும்பல்கள் பற்றி 2021 ஆகஸ்டிலேயே அந்த வங்கி எச்சரித்திருக்கிறது. பழைய நாணயங்களை வாங்கும், விற்கும் வேலையில் தாங்கள் இல்லை என்றும் சொல்லிவிட்டது.

கிஃப்ட் கொடுக்கும்போது பெட்டி, சான்று அட்டை இரண்டையும் சேர்த்தே கொடுங்கள். இன்னொன்றும் சொல்லிவிடுங்கள்: வெள்ளி என்றதும் விபூதி போட்டுத் தேய்க்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. நாணயத்தில் அதைச் செய்தால் கீறல் விழும், சேகரிப்பாளர் பாதி விலைக்குக்கூடக் கேட்க மாட்டார்.